குரூப்பில் 180 பேர், எனக்குத் தெரிந்து நிஜ ஆள் ரெண்டே பேர்

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஜாப் வொர்க் பில்லில் பத்து ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் சொந்தப் பணம் 4,07,000 ரூபாய் கை மாறிப் போனதைக் கண்டுபிடிக்க மட்டும் ஒரு சின்னப் பையன் வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி அமலுக்கு வந்தது. எங்கள் ஊரில் டீக்கடையிலிருந்து டையிங் வரை வேறு பேச்சே இல்லை. ஷிப்மென்ட் போகுமா, தீபாவளிக்கு போனஸ் வருமா என்ற கவலையில் செய்தியாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம்: வரிப் போரில் எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும், இலவச ஆலோசனை. தொட்டேன். ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் கொண்டுபோய் விட்டது.

முதல் மூன்று வாரம் அங்கே யாரும் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள். வெறும் ஊர் நியாயம்தான். ட்ரம்ப் என்ன சொன்னார், செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறினால் ஏசி விலை எவ்வளவு குறையும், ஏஐ வந்தால் யாருக்கு வேலை போகும் என்று காலையிலிருந்து ராத்திரி வரை பேச்சு. 'பேராசிரியர்' என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவர் தினமும் நீளமாக எழுதுவார். தப்பு சொல்ல ஒன்றும் இருக்காது. இருக்காதுதான், எல்லாம் முந்தின நாள் பேப்பரில் வந்தது. நானும் திருப்பூர் நிலவரத்தை எழுதினேன். உடனே இருபது பேர் கைதட்டினார்கள். வீட்டில் நான் நாட்டுநடப்பு பேச ஆரம்பித்தால் எல்லோரும் ரிமோட்டைத் தேடுவார்கள். அங்கே என்னை 'ஐயா' என்றார்கள். விழுந்தது அங்கேதான்.

ஒரு விஷயம் உறுத்தியது. கரூர்க்காரர் என்று சொன்னவர், சேலம் டீச்சர் என்று சொன்னவர், எல்லோருமே 'உங்கள் நாள் அற்புதமாக அமையட்டும் நண்பர்களே' என்று ஒரே மாதிரி எழுதினார்கள். நம் பக்கத்தில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? மெஷின் எழுதிய தமிழ். உறுத்தியதோடு சரி, விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு ஆப் வந்தது. பிளே ஸ்டோரில் இல்லை, லிங்க் அனுப்பினார்கள். வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர் கணக்கு வழியாக மலிவு விலையில் பங்கு கிடைக்கும் என்றார்கள். 10,000 போட்டேன். நான்காம் நாள் 3,000 எடுத்துப் பார்த்தேன், வங்கியில் வந்து விழுந்தது. அந்த 3,000 ரூபாய்தான் தூண்டில் புழு. அடுத்து 50,000, அதற்கடுத்து 1,50,000. ஒவ்வொரு முறையும் பணம் போகும் கணக்கு மாறியது. ஒரு தடவை ஏதோ டிரேடர்ஸ், இன்னொரு தடவை ஏதோ என்டர்பிரைசஸ். கணக்கு எழுதுகிறவனுக்கு இது ஒன்றே போதும். ஆனால் ஆப்பில் லாபம் பச்சையாக ஏறிக்கொண்டிருந்ததே.

நடுவில் ஈரோட்டுக்காரர் ஒருவர், 'பணம் ஏன் தனியார் கடைப் பெயருக்குப் போகுது?' என்று குரூப்பில் கேட்டார். பத்து நிமிஷத்தில் ஆளைக் காணோம், நீக்கிவிட்டார்கள். கேள்வியும் அழிந்துவிட்டது. வதந்தி பரப்புகிறவர் என்று மற்றவர்கள் திட்டினார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் ஒரு வரி திட்டினேன்.

அக்டோபரில் ஐபிஓ என்றார்கள், அதாவது ஒரு கம்பெனி முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது. எனக்கு 3,000 பங்கு 'ஒதுக்கீடு' ஆகிவிட்டதாம், 6,40,000 கட்ட வேண்டுமாம், கட்டாவிட்டால் கணக்கு முடங்குமாம். வீட்டுக்காரியின் நகையை அடகு வைத்து 2,00,000 அனுப்பினேன். மீதிக்கு முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்கலாமா என்று ஆபீஸில் புலம்பியபோதுதான் ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் அந்தப் பையன் கேட்டான்:

"ஏனுங்ணா, ஐபிஓ-வுக்கு எதுக்குப் பணம் அனுப்பினீங்க? அது உங்க பேங்க்லயே பிளாக் ஆகித்தானே நிக்கும்?"

அவ்வளவுதான், வயிறு கலங்கிவிட்டது. உண்மையான ஐபிஓ-வில் பணம் நம் கணக்கிலேயே தடுத்து வைக்கப்படும். பங்கு கிடைத்தால்தான் எடுப்பார்கள், கிடைக்காவிட்டால் தடை நீங்கும். நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு வரம்பே 2 லட்சம்தான். கூட்டம் அதிகமானால் குலுக்கலில் ஒரு லாட், அதாவது குறைந்தபட்சப் பங்குக் கட்டு, கிடைப்பதே பெரிய விஷயம். கேட்காத 3,000 பங்கு யாருக்கும் வராது. வாங்கிய பங்கு என்றால், நம் பங்குகளைக் கணக்கில் வைத்திருக்கும் சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் பதிவில் நம் பெயரில் தெரிய வேண்டும். எனக்கு அவர்கள் ஆப்பைத் தவிர வேறு எங்கும் தெரியவில்லை. வெளிநாட்டு முதலீட்டாளர் கணக்கு வழியாகத் தனிநபருக்கு வர்த்தகம் என்பதெல்லாம் பொய் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. ட்ரம்ப் பேசியதை வரி விடாமல் படித்தவன் இதைப் படிக்கவில்லை.

அன்று சாயந்திரமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு போன் செய்தேன். பணம் அனுப்பிய தேதி, நேரம், யுடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் எண்) எல்லாம் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். காலையில் போன 2 லட்சத்தில் 62,000-ஐ நடுவழியில் ஒரு வங்கியில் நிறுத்தினார்கள். முந்தினதெல்லாம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிப் போய்விட்டது. ஒரு மணி நேரம் முன்னால் கூப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கும். ஆப்பிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று மதியம் பூராவும் அவர்களிடமே கெஞ்சிக்கொண்டிருந்தேன். 'வரி 15 சதவீதம் கட்டுங்கள், விடுவிக்கிறோம்' என்றார்கள். அதைக் கட்டவில்லை, அந்த மட்டும் பிழைத்தேன்.

ரெண்டு வாரம் கழித்து இன்னொரு போன். சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், 8,500 கட்டினால் மொத்தப் பணத்தையும் மீட்டுத் தருகிறோம் என்று. புகார் கொடுக்கவோ பணத்தை மீட்கவோ போலீஸுக்குக் கட்டணம் கிடையாது. ஏமாந்தவன் நம்பரை அடுத்த கும்பலுக்கு விற்றிருப்பார்களோ என்னவோ.

அந்த ஈரோட்டுக்காரர் நம்பர் என் போனில் இருந்தது. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். நிஜமான ஆள், எல்ஐசி ஏஜென்ட். அவருக்கு இரண்டேகால் லட்சம் போயிருக்கிறது. நீக்கப்பட்ட பிறகு அவர் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டுகள்தான் இப்போது என் புகாரிலும் இணைப்பு. மற்ற 178 பேரில் ஒருவராவது நிஜமா என்று இருவரும் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டுப் பார்த்தோம். ஒன்றும் எடுக்கவில்லை.

62,000 இன்னும் கைக்கு வரவில்லை, கோர்ட் உத்தரவு வேண்டும். அடகுக் கடை வட்டி மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.