ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், அஞ்சல்வழிப் பட்டம், ஆறு மாத டிப்ளமோ: குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு எது எதற்கு உதவும்?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் போதும், வடசேரியிலிருந்து களியக்காவிளை வரைக்கும் மின்கம்பங்களில் போர்டு தொங்க ஆரம்பித்துவிடும். ஆறு மாதத்தில் டிப்ளமோ, படித்து முடித்ததும் கல்ஃப் வேலை, வீட்டிலிருந்தே டிகிரி. வீட்டுக்குள்ளே இன்னொரு பக்கம் மாமா "கோணத்துல ஐ.டி.ஐ. சேத்து விடு மக்களே" என்பார், சித்தி "ஐ.டி.ஐ.யா, டிகிரி இல்லாம நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா" என்பார். எல்லோரும் பிள்ளையின் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நான்கு படிப்பும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அங்கேதான் சிக்கல்.

எது பெரிய படிப்பு என்று கேட்டால் விடை கிடைக்காது. நான் பார்ப்பது மூன்றே விஷயம்: சான்றிதழைக் கொடுப்பது யார், அதை வைத்து எந்த வேலை அறிவிப்புக்கு விண்ணப்பிக்க முடியும், அங்கிருந்து அடுத்த படிப்புக்கு ஏற வழி இருக்கிறதா.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. காவல்கிணறு பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். இஸ்ரோவில் டெக்னீஷியன்-பி வேலைக்குக் கேட்பது பத்தாம் வகுப்பும் அந்தந்த டிரேடில், அதாவது தொழிற்பிரிவில், ஐ.டி.ஐ.யும், ஊதிய நிலை 3, அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாயில் தொடங்கும். டெக்னிக்கல் அசிஸ்டன்ட் வேலைக்கு முதல் வகுப்பில் தேறிய பொறியியல் டிப்ளமோ; நிலை 7, 44,900 ரூபாய். சயின்டிஸ்ட்/இன்ஜினியர் வேலைக்கு பி.இ.; நிலை 10, 56,100 ரூபாய். அலுவலக உதவியாளர் வேலைக்கு ஏதாவது ஒரு பட்டம். நிலை 4, 25,500 ரூபாய். (எல்லாம் 7-வது ஊதியக்குழு கணக்கு.) ஒரே வளாகத்துக்கு நான்கு வாசல், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சாவி. பி.ஏ. படித்தவர் டெக்னீஷியன் வாசலில் நின்றால் திறக்காது, ஐ.டி.ஐ. படித்தவர் உதவியாளர் வாசலில் நின்றாலும் திறக்காது. இதில் டிப்ளமோவின் தொடக்கச் சம்பளம் அந்த "ஏதாவது ஒரு பட்டத்தை" விட எவ்வளவு மேலே இருக்கிறது என்று சித்திக்குக் காட்டுங்கள்.

சரி, முதலில் ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும். நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐ.டி.ஐ.யும் இருக்கிறது, அரசு பாலிடெக்னிக்கும் இருக்கிறது, அதனால் நம்ம ஊரில் இந்த ஒப்பீடு ரொம்ப நேரடியானது.

ஐ.டி.ஐ. என்பது 1950-இல் ஆரம்பித்த மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் வருவது. பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்றவை இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். 2022 பாடத்திட்டத்தின்படி வருடத்துக்கு 1,200 மணி நேரம், அதில் 840 மணி நேரம் பட்டறையில் கையால் செய்யும் வேலை, தியரி 240 மணி நேரம்தான். புத்தகத்தைப் பார்த்தால் தலைவலி வரும், ஆனால் வீட்டு மோட்டாரைக் கழற்றிப் பூட்டிவிடுவான் என்கிற பையன்கள் நம்ம ஊரில் நிறைய பேர், அவர்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 ரூபாய், இரண்டுமே ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் கல்லூரிக்கும் கிடைக்கும், அஞ்சல்வழிப் படிப்புக்குக் கிடைக்காது. இந்த ஒரு வித்தியாசமே பல வீடுகளில் முடிவை மாற்றிவிடும்.

ஐ.டி.ஐ. சேரும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இந்த டிரேட் என்.சி.வி.டி.யா, எஸ்.சி.வி.டி.யா? முன்னது தேசிய அளவிலான சான்றிதழ், பின்னது மாநில அளவிலானது. மத்திய அரசு நிறுவனங்களின் அறிவிப்புகளில் பெரும்பாலும் என்.சி.வி.டி. சான்றிதழைத்தான் பெயர் சொல்லிக் கேட்பார்கள். ஒரே கட்டடத்தில் ஒரு டிரேட் ஒன்றாகவும் இன்னொன்று மற்றதாகவும் இருக்கலாம், அதனால் நிறுவனத்தைப் பற்றி மட்டும் கேட்டால் பத்தாது, டிரேடைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அப்புறம் அப்ரண்டிஸ். ஐ.டி.ஐ. முடித்ததும் நேரே கான்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குப் போய்விடுகிற பையன்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் கூடங்குளம், மகேந்திரகிரி, ரயில்வே என்று நம்மைச் சுற்றியே அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். உதவித்தொகையோடு பயிற்சி முடித்துத் தேர்வு எழுதினால் என்.ஏ.சி. என்கிற இன்னொரு தேசியச் சான்றிதழ் கையில் வரும். முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைப் பராமரிப்புக்கு எலக்ட்ரீஷியன் வேண்டுமென்றாலும் பெரிய கம்பெனியில் அப்ரண்டிஸ் முடித்தவனுக்கு இருக்கும் மதிப்பே வேறு.

பாலிடெக்னிக் பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருடம், சான்றிதழ் சென்னையில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தேர்வு வாரியத்திலிருந்து வரும். முதல் வருடத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல் என்று பள்ளியின் நீட்சி மாதிரிதான் இருக்கும், கணக்கில் ஒட்டி ஒட்டித் தேறியவர்கள் அங்கே அரியர் வைத்துவிட்டு மூன்று வருடமும் அதைச் சுமந்துகொண்டே திரிவார்கள். கணக்கு வரும், வீட்டில் மூன்று வருடம் தாங்கவும் முடியும் என்றால் என் ஓட்டு பாலிடெக்னிக்குக்குத்தான், யோசிக்கவே வேண்டாம்.

ஏறும் வழி இரண்டிலும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருடம் சேரலாம். கூட்டிப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் டூ வழியாக பி.இ. ஆறு வருடம். டிப்ளமோ வழியாகவும் மூன்றும் மூன்றும் ஆறு வருடம். ஐ.டி.ஐ.யில் தொடங்கினால் இரண்டு, இரண்டு, மூன்று என்று ஏழு வருடம். ஒரே ஒரு வருடம்தான் கூடுதல், ஆனால் நடுவில் எந்த இடத்தில் வீட்டுச் சூழ்நிலை மாறி நிறுத்த வேண்டி வந்தாலும் கையில் ஒரு செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்கும். பி.இ. இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன பிள்ளைகள் கையில் என்ன வைத்துக்கொண்டு அலைகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பிளஸ் டூ மொழித்தாள்களை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் தமிழ்நாட்டில் இருக்கிறது.

இனி அஞ்சல்வழி, நம்ம ஊரில் சொல்கிற மாதிரி "கரஸ்". இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல். தொலைநிலைக் கல்வியில் பெற்ற பட்டம் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்கு இணையானது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது, ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் அந்த ஆண்டுக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்க வேண்டும் என்பது அதோடு சேர்ந்த நிபந்தனை. பெரிய பெயருள்ள பல்கலைக்கழகமாக இருக்கலாம், உங்கள் படிப்பு அந்த வருடப் பட்டியலில் இல்லையென்றால் பெயர் காப்பாற்றாது. பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் எல்லாம் அஞ்சல்வழியில் கிடையவே கிடையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதி இல்லாமல் அஞ்சல்வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எப்படிக் கையாண்டது என்பது ஊரறிந்த கதை, எத்தனையோ பேர் வேலையில் சேர்ந்து வருடக்கணக்கான பிறகு மறுபடி தேர்வு எழுத வேண்டி வந்தது. "வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து பி.டெக்." என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

அரசு வேலை மனதில் இருந்தால் வரிசை முக்கியம். பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேரே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினால் தமிழ்நாடு அரசு வேலைக்கு அது செல்லாது, 2009 அரசாணை அப்படி. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்கிற வரிசை வேண்டும். பிளஸ் டூ இடத்தில் மூன்று வருட டிப்ளமோ இருந்தாலும் ஏற்கிறார்கள்.

என் கருத்தில் அஞ்சல்வழிப் பட்டம் ஏற்கெனவே ஒரு வேலையோ தொழிலோ கையில் இருப்பவருக்கான படிப்பு. குழந்தை வளர்த்துக்கொண்டே டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகும் பெண், கடை நடத்துபவர், அப்ரண்டிஸ் முடித்து வேலைக்குப் போய்விட்ட பையன், இவர்களுக்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதை மட்டும் கொடுத்து வீட்டில் உட்கார வைப்பது எனக்குச் சம்மதமில்லை, படிக்கத் தூண்ட ஆளில்லாமல் தேர்வுக்கே போகாமல் விட்டவர்கள் அதில்தான் அதிகம். கல்ஃப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், சில நாடுகளில் அஞ்சல்வழிப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வாங்குவது கடினம், அதனால் போகப்போகும் நாட்டில் ஏற்கெனவே வேலை பார்க்கும் சொந்தக்காரரிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

மிச்சமிருப்பது அந்த ஆறு மாத, ஒரு வருட தனியார் டிப்ளமோ. தீயணைப்பும் பாதுகாப்பும், ஆயில் அண்ட் கேஸ், ஹோட்டல், நர்சிங் அசிஸ்டன்ட் என்று வகை வகையாக இருக்கிறது. இவற்றில் கற்றுக்கொடுப்பது எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன், சில இடங்களில் உண்மையான அக்கறையோடு கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் பாலிடெக்னிக் டிப்ளமோவும் இதுவும் பெயரில் மட்டும்தான் ஒன்று. இதை வைத்து பி.இ. இரண்டாம் வருடம் சேர முடியாது, டிப்ளமோ கேட்கும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. ஒரு வருட நர்சிங் அசிஸ்டன்ட் படிப்பை வைத்துக்கொண்டு தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில் நர்ஸாகப் பதிய முடியாது, அதற்குக் கவுன்சில் அங்கீகாரமுள்ள மூன்று வருட ஜி.என்.எம். அல்லது நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் வேண்டும். வெளிநாட்டில் நர்ஸ் வேலை என்று நம்பி நகையை அடகு வைத்துச் சேரும் குடும்பங்களுக்கு இதை முன்கூட்டியே யாராவது சொல்ல வேண்டும்.

சேஃப்டி படிப்பில் நெபோஷ் தனி. அது பிரிட்டனில் உள்ள அமைப்பு நடத்தும் தேர்வு, கல்ஃப் கம்பெனிகள் மதிக்கும் சான்றிதழ், அதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே ஏஜென்ட்கள் "லெவல் 6, டிகிரிக்குச் சமம்" என்று சொல்லி விற்பதைத்தான் கவனிக்க வேண்டும். நெபோஷ் சர்வதேசப் பொதுச் சான்றிதழ் ஸ்காட்லாந்து அளவுகோலில் லெவல் 6. இங்கிலாந்து அளவுகோலில் அதுவே லெவல் 3, அங்கே பள்ளி மேல்நிலைப் படிப்பின் நிலை. இங்கிலாந்து அளவுகோலில் லெவல் 6 என்பதுதான் இளநிலைப் பட்டம். எண்ணைச் சொல்பவரிடம் எந்த நாட்டு அளவுகோல் என்று கேட்டால் பாதி விஷயம் அப்போதே தெரிந்துவிடும். பொறியியல் டிப்ளமோவோ பட்டமோ முடித்தவர் அதன் மேல் நெபோஷ் சேர்த்தால் அருமையான சேர்க்கை, பத்தாம் வகுப்பின் மேல் நேரே ஏற்றினால் எடுபடுவது ரொம்பக் கஷ்டம்.

நம்ம நாட்டு அளவுகோலும் மாறியிருக்கிறது. 2013-இல் வந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் பத்து நிலைகள் இருந்தன, 2023 திருத்தத்தில் எட்டாகிவிட்டன, நடுவில் 4.5, 5.5 போன்ற அரை நிலைகளும் வந்தன. இப்போது பிளஸ் டூ நிலை 4, மூன்று வருடப் பட்டம் 5.5. எலக்ட்ரீஷியன் டிரேட் முன்பு நிலை 5 என்று அச்சாகி வந்தது, இப்போது 4. அண்ணன் சான்றிதழில் 5, தம்பி சான்றிதழில் 4 என்று இருந்தால் பதற வேண்டாம், படிப்பின் தரம் இறங்கவில்லை, அளவுகோல்தான் மாறியது.

கடைசியாக, சான்றிதழே இல்லாமல் பத்துப் பதினைந்து வருடமாக வெல்டிங்கோ வயரிங்கோ செய்துகொண்டிருக்கும் அண்ணன்மார் நம்ம மாவட்டத்தில் எவ்வளவோ பேர். சவுதி இப்போது பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற வேலைகளுக்கு விசாவுக்கு முன்பே இந்தியாவில் திறன் தேர்வு வைக்கிறது, அதனால் "எனக்கு வேலை தெரியும், பேப்பர் எதுக்கு" என்பது இனி ஓடாது. ஐ.டி.ஐ.யில் சேர வயது தாண்டிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம், குறைந்தது மூன்று வருட அனுபவம் இருந்தால் தனித்தேர்வராக அகில இந்திய தொழில் தேர்வு எழுதி, ஐ.டி.ஐ. மாணவர் வாங்கும் அதே தேசியச் சான்றிதழை வாங்கலாம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கு அறிவிப்பு வெளியிடும். லீவுக்கு ஊருக்கு வரும்போது கோணம் ஐ.டி.ஐ. அலுவலகத்தில் போய், இந்த வருடத் தனித்தேர்வர் விண்ணப்பம் எப்போது, அனுபவச் சான்று எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.