பழைய கல்யாண கேசட்டைத் தெளிவாக்க ஏஐ மென்பொருளுக்குச் சந்தா கட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பாளையங்கோட்டையில் பதினான்கு வருடமாக வீடியோ கவரேஜும் மிக்ஸிங்கும் பார்க்கிறேன். இப்போதெல்லாம் கல்யாண ஆர்டருக்குச் சமமாக இன்னொரு வேலையும் வருகிறது. பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய விஎச்எஸ் கேசட்டை மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். பென்டிரைவில் ஏற்ற வேண்டும், முடிந்தால் கொஞ்சம் தெளிவாக்க வேண்டும். அந்தத் தெளிவுக்காகத்தான் வீடியோவை மேம்படுத்தும் ஏஐ மென்பொருள் ஒன்றுக்கு இரண்டு மாதத்தில் 11,601 ரூபாய் கட்டினேன். கேட்ட வேலை நடக்கவில்லை, பணமும் திரும்பி வரவில்லை. அடுத்தவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆவணி பிறந்த சமயம். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அண்ணாச்சியும் மதினியும் வந்தார்கள். அண்ணாச்சிக்கு அறுபதாம் கல்யாணம். 1994-ல் எடுத்த கல்யாண வீடியோவை மண்டபத்தில் எல்இடி சுவரில் ஓட்ட வேண்டும் என்று மகளுக்கு ஆசை. மதினிக்கு வேறொரு ஆசை இருந்தது. "இதுல எங்க ஆச்சி இருக்காவ தம்பி. ஒரே ஒரு எடத்துலதான் வருவாவ. வீட்டுல அவ்வோ போட்டோ ஒண்ணுகூடக் கெடையாது. அந்த மொகத்த மட்டும் கொஞ்சம் வெளங்குத மாதிரி பண்ணித் தாங்க" என்றார்.

கேசட் மூடியைத் தூக்கிப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. துடைத்து, என்னிடம் இருந்த விசிஆரில் போட்டு, கேப்சர் கார்டு வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடும்போது அந்த இடம் வருகிறது. திண்ணையில் பத்தமடைப் பாயில் ஆச்சி உட்கார்ந்திருக்கிறார். வீடியோ லைட் முகத்தில் அடித்ததும் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு திரும்புகிறார். தோள் வரை தொங்கும் காதில் பாம்படம் ஒரு ஆட்டம் ஆடி நிற்கிறது. வெற்றிலை மென்ற வாயோடு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். நான்கு நொடி, 100 ஃபிரேம்.

விஎச்எஸ் படத்தை ஏற்றினால் ஃபைலில் 720-க்கு 576 புள்ளி (பிக்சல்) இருக்கும். ஆனால் நாடாவில் உண்மையாகப் பதிந்திருக்கும் விவரம் 240 கோடு அளவுக்குத்தான். அதில் ஆச்சியின் முகம் முப்பது புள்ளி உயரம்கூட இல்லை. இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுப் பார்த்திருந்தால் மதினியிடம் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

அந்த மென்பொருளின் விளம்பரத்தில் மங்கலான பழைய படம் ஒன்று பளிச்சென்று மாறும். இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம் என்று இருந்தது. இறக்கி, மணமேடையில் மதினியின் குளோஸப் வரும் ஐந்து நொடியைக் கொடுத்தேன். வந்த பிரிவியூவைப் பார்த்து அசந்துவிட்டேன். நெற்றிச்சுட்டியின் கல் தனித்தனியாகத் தெரிந்தது, பட்டுக் கரையின் இழை தெரிந்தது. குறுக்கே வாட்டர்மார்க் மட்டும் ஓடியது. அதை வாட்ஸப்பில் அனுப்பினேன். மதினி கேட்ட முதல் கேள்வி, "ஆச்சியும் இப்படி வருவாவளா?" வருவாங்க என்று வாக்குக் கொடுத்தேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அதற்குப் பிறகு பணத்தைக் கட்டிக்கொண்டே போனேன்.

விலைப் பக்கத்தில் மூன்று பிளான். அடித்தட்டுப் பிளான் மாதம் 1,499. முகத்தைச் சரிசெய்யும் வசதி அதிலும் உண்டு என்று பச்சை டிக் போட்டிருந்தது. கட்டினேன். வரியும் கார்டின் வெளிநாட்டுக் கட்டணமும் சேர்த்து 1,831 போனது. சரி, தொழில் செலவு என்று நினைத்துக்கொண்டு ஆச்சி வரும் இடத்தைக் கொடுத்தேன். பிரிவியூ ஓடியது. எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தியதும் ஒரு பூட்டுப் படம் வந்தது. என் பிளானில் இருப்பது பழைய முக மாடலாம், அதாவது முகத்தைத் திருத்தும் ஏஐயின் பழைய பதிப்பு. நான் பிரிவியூவில் பார்த்தது புதிய மாடல், அது மேல் பிளானில்தான் என்று சொன்னது. பணம் கட்டும் வரை அந்தப் பூட்டு எங்கேயும் கண்ணில் படவில்லை. வேலை முழுவதையும் செய்துமுடித்து, கடைசிப் படியில் கையை நீட்டும்போதுதான் முளைக்கிறது.

தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மேல் பிளானுக்கு மாறினேன். 2,999 என்று போட்டிருந்தது, 3,664 போனது. முதலில் கட்டியதைக் கழிக்கவே இல்லை. அப்புறம் அடுத்த பூட்டு. பழைய டிவி முறையில் ஒரு ஃபிரேமை ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று இரண்டு பாதியாகப் பதிவார்கள், நொடிக்கு 50 பாதி. கம்ப்யூட்டரில் பார்த்தால் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாக நிற்கும். அதை முதலில் பிரித்தெடுக்காமல் எந்த ஏஐயிடம் கொடுத்தாலும் அது அந்தச் சீப்புப் பல்லையே பெரிதாக்கிக் கொடுக்கும். இந்த மென்பொருளில் அதற்கான நல்ல மாடலும் புதிய முக மாடலும் என் கம்ப்யூட்டரில் ஓடாது, அவர்களுடைய சர்வரில்தான் ஓடும், அதற்குத் தனியாக கிரெடிட் (காசு கொடுத்து வாங்கும் டோக்கன் மாதிரி) செலவாகும் என்று அப்போதுதான் தெரிந்தது.

வாடிக்கையாளரின் குடும்ப வீடியோ வெளிநாட்டு சர்வருக்குப் போகிறது என்றால் அவரிடம் கேட்காமல் அனுப்பக் கூடாது. அண்ணாச்சியிடம் போனில் கேட்டேன். சம்மதித்த பிறகுதான் முழு வீடியோவையும் ஏற்றினேன்.

பிளானோடு வந்த கிரெடிட்டில் பெரும்பகுதி பிரிவியூ பார்த்ததிலேயே கரைந்திருந்தது. சோதனை நாட்களில் பிரிவியூ இலவசம். பணம் கட்டியவனுக்கு ஒவ்வொரு பிரிவியூவுக்கும் கிரெடிட் பிடிக்கிறார்கள். அளவு ஒன்றை மாற்றிப் பார்த்தால் மறுபடியும் பிடிப்பு. 40 நிமிட வீடியோவில் பதினோராவது நிமிடத்தில் கிரெடிட் தீர்ந்து வேலை நின்றுவிட்டது. நின்றவரைக்கும் உள்ள ஃபைலையாவது தந்தார்களா என்றால் அதுவும் இல்லை. 2,442 கொடுத்து இன்னொரு பேக் வாங்கினேன். அதுவும் மிச்ச நிமிடங்களுக்குப் போதவில்லை. மிச்சம் இருந்த கொஞ்ச கிரெடிட்டும் மாதம் முடிந்ததும் காலாவதி.

ஆச்சியின் நான்கு நொடி மட்டும் முழுதாக வந்தது. அதைப் பார்த்தபோது பணம் போன வருத்தத்தைவிடப் பெரிய வருத்தம் வந்தது. கன்னச் சுருக்கம் எல்லாம் வழவழவென்று மறைந்திருந்தது. வெற்றிலைக் காவி ஏறிய பல் வரிசையாக வெள்ளைவெளேர் என்று இருந்தது. பாம்படம் ஒரு ஃபிரேமில் வளையம், அடுத்த ஃபிரேமில் கழுத்தோடு ஒட்டிய சதைக்கட்டி, அதற்கடுத்ததில் காணவே இல்லை. முப்பது புள்ளி முகத்தில் இல்லாத விவரத்தை அந்த மாடல் தான் பழகிய ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து எடுத்து ஒட்டுகிறது. நம் ஊர்க் காதும் பாம்படமும் அது பழகியதில் இல்லை போலிருக்கிறது. மதினியின் குளோஸப் நன்றாக வந்ததற்குக் காரணம், அங்கே முகமே இருநூறு புள்ளிக்கு மேல் இருந்தது. யாரோ ஒரு கிழவியை எடுத்துக்கொண்டு போய் "உங்க ஆச்சி" என்று காட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஜங்ஷன் பக்கம் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், கேசட் காலத்து ஆள். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "படத்த மொதல்ல ஒழுங்கா உள்ள ஏத்துல. பெறவு மத்தத பாக்கலாம்" என்று சொல்லித் தன்னுடைய எஸ்-விஎச்எஸ் டெக்கை, அதாவது உயர்தர விசிஆரை, எடுத்துக் கொடுத்தார். அதில் படம் நடுங்காமல் நேர்ப்படுத்தும் சர்க்யூட் உள்ளேயே இருக்கிறது. மஞ்சள் பின் ஒயருக்குப் பதில் எஸ்-வீடியோ ஒயரில் மறுபடி ஏற்றினேன். பாதிக் கலங்கல் அங்கேயே போய்விட்டது. சீப்புப் பல்லைப் பிரிக்க க்யூடிஜிஎம்சி என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஏவிஐசின்த் என்ற வீடியோ மென்பொருளில் ஓடும், காசு கிடையாது, கேசட் வேலை பார்ப்பவர்கள் பல வருடமாக நம்பும் சரக்கு. அதில் போட்டு நொடிக்கு 50 முழு ஃபிரேமாக எடுத்தேன். ஆச்சி கையைத் தூக்கும் அசைவு வெண்ணெய் போல வந்தது. நிறத்தை டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் சரிசெய்தேன். முகத்தில் கையே வைக்கவில்லை.

4கே-வுக்காகவும் சேர்த்துத்தான் மேல் பிளானுக்குப் பணம் கட்டியிருந்தேன். மண்டபத்துக்கு எல்இடி சுவர் போடுகிறவரிடம் கேட்டால் 12 அடி அகலம், பி3 பேனல் என்றார். பி3 என்றால் புள்ளிக்குப் புள்ளி 3 மில்லிமீட்டர். 12 அடி என்பது 3,650 மில்லிமீட்டர் பக்கம். குறுக்கே ஏறக்குறைய 1,200 புள்ளிதான்! 4கே படத்துக்குக் குறுக்கே 3,840 புள்ளி. அந்தச் சுவரில் ஓட்டுவதற்கு 4கே-க்குக் கட்டிய காசு முழுவதும் வீண். மண்டபத்துக்கு வேலை எடுக்கிறவர்கள் ரெசல்யூஷன் பேசும் முன் பேனலின் கணக்கைக் கேட்டுவிடுங்கள்.

அறுபதாம் கல்யாணத்தில் வீடியோ ஓடியது. ஆச்சி மங்கலாகத்தான் இருந்தார், ஆனால் ஆச்சியாக இருந்தார். பாம்படம் ஆடியதை மதினி மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார். பேசிய கூலி 5,000. சொன்னபடி முகம் வரவில்லை என்று 2,000 குறைத்துக்கொள்ளச் சொன்னேன், அண்ணாச்சி அதற்கு ஒத்துக்கொள்ளாமல் முழுவதும் தந்தார்.

இனி சந்தாவை நிறுத்தப் போன கதை. மாதச் சந்தா என்று நினைத்துத்தான் கட்டினேன். நிறுத்தப் போனால், அது வருடச் சந்தாவை மாதாமாதம் கட்டும் முறையாம், நடுவில் விலகினால் மிச்ச மாதங்களின் தொகையில் பாதியைக் கட்ட வேண்டுமாம். "மாதம்" என்ற சொல் பெரிய எழுத்தில், "வருட ஒப்பந்தம்" என்பது அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில். யோசித்துக்கொண்டிருந்த இடைவெளியில் இரண்டாவது மாதத்து 3,664-ம் போய்விட்டது. ஓடிபி வரவில்லை. முதல் தடவை நாம் ஒப்புக்கொண்டால் போதும், அதன் பிறகு 15,000 ரூபாய் வரையிலான தொடர் கட்டணத்துக்கு ஓடிபி தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கி விதி. அதே விதியில் நமக்கு உதவும் பகுதியும் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும், அந்த ஒப்புதலை நாம் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். எனக்கும் அந்தக் குறுஞ்செய்தி வந்துதான் இருந்தது, கல்யாண சீசன் அலைச்சலில் பார்க்கவில்லை. மூன்றாவது மாதம் வருவதற்குள் வங்கி ஆப்பில் ஒப்புதலை ரத்து செய்தேன். பணம் எடுப்பதைத்தான் அது நிறுத்தும், நிறுவனத்தோடு உள்ள ஒப்பந்தம் தானாக முடியாது. அதனால் சந்தாவை நிறுத்தச் சொல்லி மின்னஞ்சலும் அனுப்பினேன், விலைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து. கிரெடிட் பயன்படுத்தியாகிவிட்டதால் பணம் திரும்பாது என்று ஒரு வரிப் பதில் வந்தது.

பணத்தை இப்படிச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கேட்பதும், உள்ளே விட்டுவிட்டு வெளியே வரவிடாமல் செய்வதும் நம் நாட்டில் விதி போட்டுத் தடுத்த விஷயங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். சந்தாப் பொறி என்பது அதில் ஒன்று, விலையின் ஒரு பகுதியை மறைத்துவைத்துப் பிறகு காட்டுவது இன்னொன்று. இந்தியாவில் தொடர்ந்து வியாபாரம் செய்யும் எந்தத் தளத்துக்கும் அது பொருந்தும், கம்பெனி வெளிநாட்டில் இருந்தாலும் சரி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் கொடுத்தேன்.

இதையெல்லாம் படித்த பிறகும் இப்படியொரு மென்பொருளை வாங்கத்தான் வேண்டும் என்றால், அவர்கள் காட்டும் மாதிரியை விட்டுவிட்டு உங்கள் கேசட்டிலேயே ஆகமோசமான பத்து நொடியை எடுங்கள். தூரத்து முகம், குறைந்த வெளிச்சம், ஆடும் கை. அதைப் போட்டு, எக்ஸ்போர்ட் ஆகி ஃபைல் கையில் வரும் வரை போய்ப் பாருங்கள். பிரிவியூவோடு நிற்காதீர்கள். எது நம் கம்ப்யூட்டரில் ஓடும், எது அவர்கள் சர்வரில் ஓடும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் கார்டை எடுக்க வேண்டாம். வாடிக்கையாளரிடம் முகத்தைப் பற்றி வாக்குக் கொடுப்பதும் அதற்கு அப்புறம்தான்.

புகார் எண் வந்திருக்கிறது, நிறுவனத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். ஏதாவது பதில் வந்தால் இதே பதிவில் சேர்க்கிறேன்.