போல்ட்டா, கீயா? குனிந்து நின்ற என் சில்வராடோ

என்னிடம் இருப்பது 2003 செவர்லே சில்வராடோ 1500 பிக்கப் டிரக், நான்கு சக்கர இழுவை. வாங்கியபோதே முன்பக்கம் குனிந்துதான் நின்றது. பாதி காரணம் வடிவமைப்பு: பின்னால் சுமை ஏற்றும்போது வண்டி மட்டமாக வரட்டும் என்று பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தியே செய்திருப்பார்கள். மீதி வயசு.

பின்பக்கத்தை இறக்கிச் சமன் செய்யும் வழியும் உண்டு. டிரெய்லர் இழுக்கிறவனுக்கு அது வேண்டாத வேலை. ஆக மிஞ்சியது முன்பக்கத்தைத் தூக்குவது. முன்பக்கத்தைத் தாங்குவது டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங் போல முறுக்கிக்கொள்ளும் எஃகுத் தண்டு; அதன் முனையில் 'கீ' என்ற சிறு நெம்புகோல், அதைத் தள்ளிப் பிடிக்க ஒரு போல்ட். வழிகள் இரண்டு: அந்த போல்ட்டை முறுக்கி ஏற்றுவது, இல்லையென்றால் கோணம் மாற்றிச் செய்த புதுக் கீயைப் பொருத்துவது.

போல்ட்டை முறுக்கினால் வண்டி விறைத்துவிடும், கீ போட்டால் மெத்தென்று இருக்கும் என்று சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வண்டியின் எடை அதேதான்; ஒரே உயரத்தில் நிறுத்தினால் எந்தக் கீ இருந்தாலும் பார் முறுக்கிக்கொள்ளும் அளவும் ஏறக்குறைய அதேதான். கீ தருவது போல்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் இடம், அவ்வளவே. விறைப்புக்குக் காரணம் உயரம். தூக்கத் தூக்க, சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் குறைகிறது. பள்ளத்தில் விழுந்தால் சஸ்பென்ஷன் எல்லையில் போய் 'டொக்'கென்று இடிக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது சிவி ஆக்சில், அதாவது முன் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும், மூட்டு வைத்த தண்டு. இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் அந்த டிஃபரன்ஷியல் ஃப்ரேமோடு இருக்கிறது. ஃப்ரேம் மேலே போனால் ஆக்சிலின் சாய்வு கூடும். இந்த வண்டியில் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து துண்டித்துவிடும் ஹப் கிடையாது. அதனால் இரு சக்கர இழுவையில் ஓடினாலும் முன் ஆக்சில்கள் சக்கரத்தோடு சுழன்றுகொண்டேதான் இருக்கும். தினமும் அந்தச் சாய்வில் மடங்கி மடங்கி மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழியும், கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும். அப்புறம் திருப்பத்தில் 'டக் டக்'. நண்பர் ஒருவர் கீ போட்டு இரண்டரை அங்குலம் தூக்கினார். ஒரே வருடத்தில் பூட் போனது. கீயின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், உயரத்தின் குற்றம். நான் கீ போட்டு ஓட்டியதில்லை, பார்த்தது அந்த ஒரு வண்டிதான்.

கீயை மாற்ற, பாரின் முறுக்கை விடுவிக்கும் தனிக் கருவி வேண்டும். சாதாரண கிளாம்பை வைத்து முயலாதீர்கள். தெறித்தால் கை போய்விடும்.

நான் போல்ட்டோடு நிறுத்திக்கொண்டேன். ஃப்ரேமை ஜாக்கியில் தூக்கி, மரைக்குக் கிரீஸ் பூசி முறுக்கினேன். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை சுற்றினால் போதும் என்று விடக் கூடாது. சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு மேலுள்ள ஃபெண்டர் விளிம்புவரை அளந்துதான் சமன் செய்ய வேண்டும். இறக்கியதும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளக்கவும், இல்லாவிட்டால் அளவு ஏமாற்றும். ஒன்றேகால் அங்குலம் ஏறியது. பிறகு அலைன்மென்ட்; அதைத் தள்ளிப்போட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஹெட்லைட்டையும் கொஞ்சம் இறக்கினேன்.

போல்ட் முழுக்க ஏறியும் உயரம் போதவில்லை என்றால் கீ வாங்குங்கள். என் வண்டி இன்னும் அரை அங்குலம் குனிந்துதான் நிற்கிறது. டிரெய்லரை மாட்டினால் அதுவும் சரியாகிவிடுகிறது.