காலை வகுப்பிலும் இரவு வகுப்பிலும் என் வெப்கேம்: மூன்று வருட அனுபவம்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். இந்த 1080பி வெப்கேமை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. காலை ஆறரைக்கு ஒரு வகுப்பு, இரவு எட்டு மணிக்கு ஒரு வகுப்பு. அதே அறை, அதே கேமரா. ஆனால் இரண்டு வகுப்புகளின் பதிவையும் அடுத்தடுத்து போட்டால், வேறு வேறு கேமராவில் எடுத்தது என்றுதான் சொல்வீர்கள்.

காலையில் குறையே இல்லை. ஜன்னல் எனக்கு எதிரே இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவர் மறைப்பதால் நேர் வெயிலும் விழாது. பலகையில் பொடியாக எழுதும் அடுக்குக்குறி கூடப் படிக்க முடிகிறது. முதல் வருடம் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். "மிஸ், உங்க முகமே தெரியல, நிழல் மாதிரி இருக்கு" என்று ஒரு மாணவி சொன்ன அன்றே மேசையைத் திருப்பிப் போட்டேன். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைப் பார்த்து கேமரா எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே வாங்கும் வெளிச்சத்தின் அளவை, குறைத்துவிடுகிறது, முகம் இருட்டிப்போகிறது. எந்த செட்டிங்கை மாற்றியும் சரியாகாதது, மேசையைத் திருப்பியதும் சரியானது.

இரவுதான் படுத்தி எடுத்தது. சோக் வைத்த பழைய டியூப்லைட்டின் கீழ் படத்தில் கருப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருந்தன. கேமரா பழுது என்றே நினைத்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. கேமராவின் செட்டிங்ஸிலோ 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது, அது அமெரிக்க மின்சாரத்தின் கணக்கு. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் அந்தப் பட்டைகள். 'பவர்லைன் ஃப்ரீக்வென்சி' என்ற இடத்தில் 50 என்று மாற்றியதும் பட்டைகள் மறைந்துவிட்டன. இப்போது மாறுதிசை மின்னோட்டம் பாடம் வரும்போது வேண்டுமென்றே 60-க்கு மாற்றிக் காட்டுகிறேன். பாடப்புத்தகப் படத்தைவிட இது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது.

பட்டை போனாலும் வெளிச்சம் பற்றாத குறை போகவில்லை. இருட்டில் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும், கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதால், நொடிக்கு 30 ஃப்ரேம் 15 ஆகிவிடுகிறது. பலகையில் எழுதும் கை இழுபட்டுத் தெரிகிறது. இப்படி நேரத்தைக் கூட்டும் 'லோ லைட் காம்பன்சேஷன்' என்ற செட்டிங்கின் டிக்கை எடுத்தால் அசைவு சீராகும், ஆனால் படம் மங்கி, புள்ளி புள்ளியாகிவிடும். அந்தப் புள்ளிகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுவதால் வீடியோவைச் சுருக்குவதும் சிரமம், நெட் மெதுவாக உள்ள பிள்ளைகளுக்குப் பலகை கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கடைசியில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை மேசை விளக்கில் மாட்டி, எதிர்ச் சுவரில் சாய்த்த தெர்மோகோல் மேல் திருப்பி வைத்தேன். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசாது, பலகையிலும் பளபளப்பு விழாது. 30 ஃப்ரேமும் திரும்பி வந்தது.

இன்னும் எனக்கு மனக்குறை வைத்திருப்பது ஒயிட் பேலன்ஸ்தான், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் செட்டிங். ஆட்டோவில் விட்டால், அரக்குப் புடவை கட்டிய நாளில் வெள்ளைப் பலகை பச்சையடிக்கிறது. கையால் 6500 கெல்வினில் (பகல் வெளிச்சத்தின் நிற அளவு) நிறுத்தினால் சரியாக இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் மறுபடி ஆட்டோவுக்குப் போய்விடும். அதனால் தினமும் ஏழு ஐம்பத்தைந்துக்கே உட்கார்ந்து, ஒயிட் பேலன்ஸ், 50 ஹெர்ட்ஸ் இரண்டையும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வகுப்பைத் திறக்கிறேன்.