ஸ்டார்ம் சஸ்பென்டாட்ஸ்: லூரை அசையாமல் நிறுத்தும் ஈயப் பொட்டுகள்

ஸ்டிக்கர் பொட்டு அட்டையைப் பார்த்திருப்பீர்கள். சஸ்பென்டாட்ஸ் பார்க்க அப்படியேதான் இருக்கும். சின்ன அட்டை, அதில் வெள்ளி நிறத்தில் ஈய வட்டங்கள், கூடவே கொஞ்சம் நீளமாக சில ஈயப் பட்டைகள். பின்புறம் பசை. உரித்து லூரின், அதாவது தூண்டிலில் கட்டும் செயற்கை மீனின், வயிற்றில் ஒட்ட வேண்டியதுதான். விலை சில டாலர்கள். மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் குடியிருந்துகொண்டு, குளிர்காலம் வந்தாலே டேபிள் ராக் ஏரிக்குக் கிளம்பிவிடும் எனக்கு, தூண்டில் பெட்டியில் இருக்கும் சாமான்களிலேயே கொடுத்த காசுக்கு அதிகமாக உழைப்பது இதுதான். கடையில் இதை யாரும் எடுத்துக் காட்டமாட்டார்கள். பளபளக்கும் லூர்களுக்குக் கீழே, எங்கோ ஒரு கொக்கியில் தொங்கும்.

மீனைக் கவர லூரை ஆட்டத்தானே வேண்டும், நிறுத்துவானேன் என்று கேட்கலாம். பதில் ஷாட் மீனிடம் இருக்கிறது. வொயிட் நதியின் குறுக்கே அணை கட்டி உருவான ஏரிகள் இவை: ஆர்கன்சாவில் பீவர், மிசௌரியில் டேபிள் ராக், அதற்குக் கீழே புல் ஷோல்ஸ். டேபிள் ராக் அணை 1958-ல் முடிந்தது. நாங்கள் தூண்டில் போடுவது பாஸ் என்ற வேட்டை மீனுக்கு. இந்த ஏரிகளில் அதற்கு முக்கிய உணவு ஷாட். அதிலும் த்ரெட்ஃபின் ஷாட் என்ற சின்ன வகை தெற்கத்தி மீன், குளிர் தாங்காது. நீர் 7 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினாலே தடுமாற ஆரம்பித்துவிடும், 5 டிகிரியை ஒட்டி வந்தால் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போகும்.

ஜனவரி, பிப்ரவரியில் படகு ஓரமாகக் குனிந்து பார்த்தால் சாகும் ஷாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். விரல் நீள மீன். ஒருக்களித்து நிற்கும், வால் நுனி மட்டும் துடிக்கும். சட்டென்று ஒரு முழம் நீந்தும், பிறகு அப்படியே நின்றுவிடும். மேலே வராது, கீழேயும் போகாது. அடியில் மூழ்கிக் கிடக்கும் சீடர் மரங்களின் நுனியில் காத்திருக்கும் பாஸுக்கும் அதே குளிர்தான். அதன் செரிமானம் மந்தமாகிவிட்டது, ஓடுகிற இரையைத் துரத்த அதற்குத் தெம்பும் இல்லை, அவசியமும் இல்லை. நின்றுபோன ஷாட்டை நோக்கி மெதுவாக மேலே வந்து வாயைத் திறந்து மூடும். அவ்வளவுதான். அந்த ஷாட் மாதிரியே ஒரு லூர் நீரின் நடுவில் நின்றால், பாஸ் அதையும் எடுக்கும்.

இதைக் கண்டுகொண்டது எந்தக் கம்பெனியின் ஆய்வுக்கூடமும் இல்லை, இந்த ஏரிகளில் படகோட்டிய கைடுகளும் குளிரிலும் விடாமல் மீன்பிடித்த உள்ளூர்க்காரர்களும்தான். இந்த மரியாதையை அவர்களுக்குக் கொடுக்காமல் சஸ்பென்டாட்ஸைப் பற்றிப் பேசுவது நியாயமாக இருக்காது. அவர்கள் கையில் இருந்தது ரோக் என்ற மெலிந்த பிளாஸ்டிக் லூர். லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஜாக் ஸ்மித்விக் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. டெவில்ஸ் ஹார்ஸ் என்ற மர லூரால் பெயர் வாங்கிய அதே ஸ்மித்விக். ரோக் மிதக்கும் லூர். சுண்டி இழுத்தால் முங்கும், இழுப்பை நிறுத்தினால் மேலே ஏறிவிடும். வெயில் காலத்தில் அது நல்ல குணம். பிப்ரவரியில் அதுவே கெடுதல், ஏனென்றால் சாகும் ஷாட் அப்படி விறுவிறுவென்று மேலே ஏறுவதில்லை.

சரி, மிதக்கிற லூரை நிற்க வைக்க என்ன செய்வது? எடை ஏற்ற வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கைடாக இருந்தவர். அவர் பெட்டியில் அந்தக் காலத்து ரோக்குகள் இன்னும் இருக்கின்றன. ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். முன் கொக்கிக்குச் சற்றுப் பின்னால் வயிற்றில் துளை போட்டு, ஈயத்தை உள்ளே இறக்கி, எபாக்ஸி பசையால் மூடி, அதன் மேல் நகப்பூச்சு பூசியிருக்கிறார். பூச்சு பழுத்த மஞ்சளாகிவிட்டது, மூடிய இடம் மட்டும் விரலுக்கு மேடாகத் தட்டுப்படுகிறது. இன்னொன்றில் துளை கிடையாது. முன் கொக்கியின் தண்டில் சால்டரிங் ஈயக்கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருக்கிறார். துளை போட்டதில் பாதி வீணாகும், தண்ணீர் உள்ளே போய்விடும் என்றார். கம்பி சுற்றுவது மலிவு, பிடிக்காவிட்டால் அவிழ்த்துவிடலாம். இந்த ஊர் மீன்பிடிக்காரர்களுக்கு எதையும் கையாலேயே திருத்திக்கொள்ளும் பழக்கம் உண்டு. தூண்டில் சாமான் விற்கும் பெரிய கடைத்தொடரான பாஸ் ப்ரோ ஷாப்ஸே 1972-ல் இதே ஸ்பிரிங்ஃபீல்டில், ஜானி மோரிஸ் தன் அப்பாவின் மதுக்கடையின் ஒரு மூலையில் தூண்டில் சாமான் விற்றுத்தான் தொடங்கியது.

துளையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம் என்று அந்த வேலையை ஒரு அட்டைக்குள் கொண்டுவந்ததுதான் சஸ்பென்டாட்ஸ். ஸ்டார்ம் கம்பெனி ஓக்லஹோமாவின் நார்மனில் இருந்தது. எங்கள் ஓசார்க் மலைப் பக்கத்தில் இன்றும் தேடி வாங்கப்படும் விகிள் வார்ட் லூர் அவர்களுடையதுதான். 1999-ல் பின்லாந்தின் ரபாலா அதை வாங்கிக்கொண்டது.

இப்போது கம்பெனிகளே நீரில் நிற்கும் லூர்களை விற்கின்றன. ரோக்கிலேயே அந்த வகை உண்டு, ரபாலாவின் ஹஸ்கி ஜெர்க் உண்டு, ஜப்பானிலிருந்து லக்கி கிராஃப்ட், மெகாபாஸ் எல்லாம் வந்துவிட்டன. பிறகு எதற்கு இந்தப் பொட்டு? இங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது. 25 டிகிரி நீரைவிட 5 டிகிரி நீர் ஏறக்குறைய 0.3 சதவீதம் அடர்த்தி கூடுதல். 13 கிராம் எடையுள்ள ஹஸ்கி ஜெர்க்குக்குக் கணக்குப் போட்டால், குளிர்ந்த நீர் அதைக் கூடுதலாக 0.04 கிராம் அளவுக்கு மேலே தள்ளுகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் தராசில் அது போதும், லூர் மெல்ல ஏறிவிடும். எனவே இளஞ்சூட்டு நீரில் கச்சிதமாக நின்ற லூர் பிப்ரவரியில் நிற்காது. கொக்கியை மாற்றினாலும் கணக்கு மாறும், தூண்டில் நரம்பை மாற்றினாலும் மாறும். ஃப்ளூரோகார்பன் நரம்பு மூழ்கும், சாதாரண நைலான் மூழ்கத் தயங்கும். ஒவ்வொருவரும் தன் லூரைத் தன் நரம்போடு, தன் ஏரியின் குளிருக்குத் தகுந்தபடி சமன் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

செய்யும் முறை எளிது. வீட்டுக் குழாய்த் தண்ணீரில் சோதிப்பதில் பயன் இல்லை. படகுத்துறையிலேயே ஒரு உயரமான வாளியில் ஏரித் தண்ணீரை மொண்டு வைத்து, அன்று கட்டப்போகும் அதே நரம்பு, அதே வளையத்தோடு லூரை உள்ளே விடுவேன். தண்ணீர் அளவுக்கு அதுவும் குளிரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருப்பேன். அப்புறம் ஒரு பொட்டு. முன் கொக்கிக்கும் நடுக் கொக்கிக்கும் இடையில், வயிற்றின் நடுக்கோட்டில். ஒரு பக்கமாக விலகி ஒட்டினால் லூர் சாய்ந்து நீந்தும். தலை இம்மியளவு கீழ்நோக்கி நிற்பது எனக்குப் பிடிக்கும், அதனால் கடைசிப் பொட்டைத் தாடைப் பக்கமாகத் தள்ளி வைப்பேன். பொட்டு பெரிதாகப் பட்டால் கத்தரிக்கோலால் பாதியாக நறுக்கிக்கொள்ளலாம், ஈயம் மெல்லியதுதான். எடை கூடுதலாக வேண்டுமென்றால் பட்டை.

ஒட்டும்போது அவசரம் ஆகாது. லூர் காய்ந்திருக்க வேண்டும், மீன் பிசுக்கு இருக்கக் கூடாது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, உள்ளங்கையில் பொட்டைச் சூடு காட்டி, ஒட்டியபின் விளிம்பு முழுக்க நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டால் பருவம் முழுக்க நிற்கிறது. உறைபனிக் காலையில் ஈரமான லூரில் ஒட்டினால் எந்தப் பசையும் பிடிக்காது. முதல் நாள் இரவே வீட்டில் தோராயமாக ஒட்டிக்கொண்டு போய், துறையில் அரைப் பொட்டு கூட்டிக் குறைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரில் இதன் பலன் எப்படி? வீசி, கைப்பிடியை நாலைந்து சுற்று சுற்றி லூரை ஆழத்துக்குக் கொண்டுபோய், தடியை இரண்டு முறை சுண்டி, நரம்பைத் தளர்த்திவிட்டு நிற்க வேண்டும். நீர் 10 டிகிரி இருந்தால் ஐந்து எண்ணினால் போதும். 5, 6 டிகிரிக்கு வந்துவிட்டால் இருபது, முப்பது வரை எண்ணத் தயங்காதீர்கள். நரம்பு விறைப்பாக இருந்தால் கை நடுக்கமே லூரை இழுத்துவிடும், எனவே தளர்வு முக்கியம். கடி என்று ஒன்று கையில் தெரியாது. போன பிப்ரவரியில் மேகமூட்டமும் காற்றும் சேர்ந்த ஒரு நாளில், சீடர் மர நுனிக்கு மேலே நிறுத்திவிட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது, நீரின் மேல் வளைந்து கிடந்த நரம்பு ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்தது. தடியை ஓரமாக வளைத்து இழுத்ததும் பளு தெரிந்தது. நல்ல தடித்த ஸ்பாட்டட் பாஸ். நடுக் கொக்கி வாயின் ஓரத்தில், பொட்டுகள் மேல் பல் கீறல். டேபிள் ராக்கில் பாஸுக்குக் குறைந்தபட்ச அளவு 15 அங்குலம். அது தாராளமாகத் தேறியது, ஆனாலும் விட்டுவிட்டேன், குளிர்கால மீனை நான் எடுப்பதில்லை.

விலையுயர்ந்த ஜப்பானிய லூர்களில் இதை ஒட்ட எனக்கு மனம் வருவதில்லை. உள்ளே உருண்டோடும் எடைகளை அவர்கள் நுணுக்கமாக அமைத்திருக்கிறார்கள், அங்கே ஒரு எண் பெரிய கொக்கி மாட்டினாலே சரியாகிவிடும். மூன்றில் ஒரு பங்கு விலையில் கிடைக்கும் ரோக், ஹஸ்கி ஜெர்க் போன்றவற்றுக்குத்தான் இது பொருத்தம். அதிலும் அளவு உண்டு. பொட்டுமேல் பொட்டாக ஒட்டிக்கொண்டே போனால் லூரின் ஆட்டம் செத்துவிடும், சுண்டும்போது புரளாது. மூன்று நான்கு பொட்டுக்கு மேல் தேவைப்பட்டால் அந்த லூரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கோடையில் மட்டும் மீன்பிடிப்பவர்களுக்கு இந்த அட்டையே தேவையில்லை.

எனக்கு உண்மையான உறுத்தல் ஒன்றுதான்: ஈயம். ஏரியில் விழுந்த சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி லூன் என்ற நீர்ப்பறவைகள் சாவது தெரிந்த விஷயம். இங்கிலாந்து 1987-லேயே சிறு ஈயக்குண்டு விற்பனையை நிறுத்தியது, அமெரிக்காவிலும் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டன. அதனால் உரிந்த பொட்டைத் தண்ணீரில் தட்டிவிடாமல் ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்கே கொண்டுவருகிறேன். ஒட்டிய கையோடு சாண்ட்விச்சைத் தொடாதீர்கள், சோப்பு போட்டுக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த அட்டையை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், பார்க்கப் பொட்டு மாதிரியே இருப்பதால் இன்னும் கவனமாக. ஈயமே வேண்டாம் என்பவர்கள் ஈயமில்லாத சால்டர் கம்பியைப் பெரியவர் செய்தபடி கொக்கித் தண்டில் சுற்றிக்கொள்ளலாம். எடை கொஞ்சம் குறைவு, ஆகவே இரண்டு சுற்று கூடுதலாகப் போடுங்கள்.