ஐகாம் ஐசி-7300: எல்லையை நாமே போட்டுக்கொள்ளும் ரிக்

ஹாம்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்கள், அனுப்பவும் கேட்கவும் வைத்திருக்கும் பெட்டிதான் ரிக். இந்த ரிக்கின் திரையைப் பற்றியும் ஒலித்தெளிவைப் பற்றியும் நிறையப் பேர் பேசியாச்சு. எனக்கும் இரண்டும் பிடிக்கும். நான் சொல்ல வந்தது மெனுவுக்குள் கிடக்கும் ஒரு அமைப்பை: பேண்டு எட்ஜ் பீப், அதாவது பேண்டு என்னும் அலைவரிசைப் பட்டையின் எல்லையைத் தாண்டினால் ‘பீப்’ அடிப்பது.

என் பழைய ரிக், பெயர் வேண்டாம், 40 மீட்டர் பேண்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் ஹாம் பட்டையில், 7.100 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி அனுப்பாது. அதற்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள் இருந்த காலத்துப் பெட்டி. 2009 மார்ச் 29-க்குள் அவை விலக வேண்டும் என்றாகி, நமக்கு 7.200 வரை கிடைத்தது. பெட்டிக்கு அது எப்படித் தெரியும்? மூடியைக் கழற்றி, அந்தப் பூட்டைப் போட்டிருந்த டையோடு என்ற சின்ன உறுப்பை வெட்டினேன். பூட்டோடு வேலியும் போயிற்று. பிறகு எங்கே திருப்பினாலும் அனுப்பியது.

2018 நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யத்தில் கரண்ட் இல்லை, போன் இல்லை. தென்னை சாய்ந்துவிட்டதால் மூங்கில் கழியில் கம்பியைக் கட்டி, கார் பேட்டரியில் 7.110-ல் தஞ்சாவூர் நண்பரைப் பிடித்தேன். நம் ஆசிய-பசிபிக் வானொலி மண்டலத்தில் அவசரத் தொடர்புக்கு வைத்திருக்கும் இடம் அது. யாருக்கு மருந்து வேண்டும், எந்தத் தெருவில் தண்ணீர் இல்லை என்று சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். டையோடு இருந்திருந்தால் அந்தப் பேச்சே நடந்திருக்காது. அதே வாரம் தூக்கக் கலக்கத்தில் 7.205-ல் போய்க் கூப்பிட்டவனும் நான்தான். இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் கம்பெனி போட்டு அனுப்பும் பூட்டும் எனக்கு ஆகாது, பூட்டே இல்லாத பெட்டியும் ஆகாது. ஐசி-7300-ன் பேண்டு எட்ஜ் பீப்பை ‘ஆன் யூசர், டிஎக்ஸ் லிமிட்’ என்று வைத்துவிட்டால், நாம் எழுதிய எல்லைக்கு வெளியே மைக்கை அழுத்தினாலும் அனுப்பாது. அமெரிக்காவில் 7.300 வரை உண்டு, நமக்கு 7.200 போடுங்கள். குரலில் மட்டும் பேசுபவர்கள் கீழ் எல்லையை 7.000 என்று வைக்க வேண்டாம். இந்தப் பேண்டில் குரலுக்குப் பயன்படுத்தும் எல்.எஸ்.பி. (கீழ்ப் பக்கப்பட்டை) முறையில் குரல் டயல் எண்ணுக்குக் கீழே சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். என்னுடையது 7.003.

பேண்டுக்குள் மோர்ஸுக்கு எது, குரலுக்கு எது என்பதை இது தடுப்பதில்லை, தடுக்கவும் கூடாது. நம் நாட்டில் அது ஹாம்கள் தங்களுக்குள் பேசி வைத்த ஒழுங்கு. காதால் கேட்டு, இடம் பார்த்து நடக்க வேண்டியது.

உரிமப் பரீட்சைக்குப் படிக்கும் தங்கச்சி மகனை விட்டுத்தான் எண்களைப் போட வைத்தேன். “மாமா, 7.200-க்கு மேலே என்ன இருக்கு?” என்றான். டயலைத் திருப்பினேன். கேட்பதற்குத் தடையில்லை, ஏதோ ஒரு வெளிநாட்டு நிலையத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.