டாக்டர் இல்லாத கும்பகோணம்

கும்பகோணத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் திடீரென்று ஓய்வு பெற்றுவிட்டார். இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கும் எனக்கு அப்பா தொலைபேசியில் இதைச் சொன்னபோது, டாக்டர் ஏதோ எங்கள் வீட்டோடு கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றே தோன்றியது. "சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்" என்றார். மாதம் ஒருமுறை பிரஷர், இடையில் சளி, வயிறு, முழங்கால் என்று வாரத்துக்கொரு சாக்கு வைத்துக்கொண்டு அங்கே போய் வந்தவருக்கு அந்த மனக்குறை இருக்கத்தான் செய்யும்.

எனவே இந்த முறை ஊருக்குப் போனது கோயிலுக்காகவோ கல்யாணத்துக்காகவோ அல்ல. அப்பா அம்மாவுக்கு வேறு டாக்டரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வருவது ஒன்றே வேலை. வயதான பெற்றோரை ஊரில் வைத்துவிட்டு வெளிநாட்டில் இருக்கும் பலருக்கும் இந்த வேலை இன்றோ நாளையோ வந்து சேரும் என்பதால், எங்கே என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

உழவன் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கிய அன்றே கிளினிக்கைப் பார்க்கப் போனேன். இழுத்து மூடிய ஷட்டரில் ஒரு வெள்ளைத் தாள்: "டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். நோயாளிகள் வேறு மருத்துவரை அணுகவும்." கையெழுத்து கம்பவுண்டர் அண்ணனுடையது. தாளின் பாதியை மறைத்து யாரோ டியூஷன் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். விவரம் பக்கத்து ஜெராக்ஸ் கடையில்தான் கிடைத்தது. கொஞ்ச நாளாகவே கண் மங்கிவந்ததாம். ஒரு நாள் ஊசி போட உட்கார்ந்தவருக்கு நரம்பு தெரியவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனவர் மறுநாள் வரவில்லை. மகள் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டார். என்னைக் கேட்டால், அவர் டாக்டராக எடுத்த முடிவுகளிலேயே சரியானது இதுதான். அப்பாவிடம் சொன்னேன். "அதற்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார்.

அந்தக் கிளினிக் நடந்த விதத்தைச் சொன்னால்தான் போனது என்னவென்று புரியும். காலையில் கம்பவுண்டர் அண்ணன் ஓர் ஆணியில் தகர வில்லைகளை மாட்டி வைப்பார். ஒவ்வொன்றிலும் பச்சைப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். மூச்சுத்திணறலோ கைக்குழந்தையோ வந்தால் மட்டும் வரிசை மாறும். மாற்றும் அதிகாரம் கம்பவுண்டருக்கு. டாக்டர் பீஸ் கடைசியாக நூறு ரூபாயில் வந்து நின்றிருந்தது. இரண்டு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் பார்த்த வண்ணாரப்பேட்டை ஜெயச்சந்திரனையும் வியாசர்பாடி திருவேங்கடத்தையும் தமிழ்நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. எங்கள் டாக்டர் அந்த வரிசையில் வருபவர் அல்லர். பீஸை எண்ணிப் பார்த்துத்தான் மேசை இழுப்பறையில் போடுவார். ஆனால் அம்மா உள்ளே நுழையும்போதே, "என்ன, மறுபடியும் உப்பு நார்த்தங்காயா?" என்று கேட்பார். கால் வீக்கத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. இவருக்கு எந்த வியாதி எப்போது வந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எதை ஏன் நிறுத்தினோம் என்பதெல்லாம் டாக்டரின் தலைக்குள் இருந்தன. தலை பெங்களூருக்குப் போய்விட்டது. வீட்டில் மிஞ்சியது ஒரு மஞ்சள் பை. அதைத் தரையில் கொட்டிப் பார்த்தேன். எழுத்து முழுக்க வெளிறிப்போன இசிஜி தாள்கள், யாருடையது என்று தெரியாத ஒரு மார்பு எக்ஸ்ரே, ஒரு கத்தை மருந்துச் சீட்டுகள். சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரே வரி: "அதே மருந்து, ஒரு மாதம்." அதே மருந்து என்றால் எது? முந்தைய சீட்டைப் பார்க்க வேண்டும். அதிலும் அதே வரி.

இதில் சட்டம் ஏதாவது உதவுமா என்று பார்த்தேன். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் கொண்டுவந்த நடத்தை விதிகளின்படி, ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெறும் உள்நோயாளிகளின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரை எழுதி வாங்கிப் போனவருக்கு அந்த விதியால் பிரயோஜனம் இல்லை. இங்கிலாந்தில் என் பகுதி டாக்டர் ஓய்வு பெற்றபோது எனக்கு ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். 2004ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே நோயாளி பதிவு செய்துகொள்வது தனி டாக்டரிடம் அல்ல, மருத்துவகத்தில். டாக்டர் போனாலும் ஃபைல் அங்கேயே இருக்கும். என்னை நேரில் பார்த்தால் அங்கே ஒருவருக்கும் அடையாளம் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நார்த்தங்காயைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

முதலில் தஞ்சாவூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு இருவரையும் அழைத்துப் போனேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்ன யோசனை அது. கட்டடத்தில் குறையில்லை, சக்கர நாற்காலி உடனே வந்தது, கழிப்பறை சுத்தம். பதிவு எண், கையில் பட்டை, பிறகு முழு உடல் பரிசோதனைத் திட்டம் என்று ஒரு வண்ண அட்டை. இருவருக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். ரத்தம் கொடுத்து, எக்கோ எடுத்து, காத்திருந்து உள்ளே போனால், டாக்டர் கணினியைப் பார்த்துப் பேசிய நேரம்தான் அதிகம். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வாசலில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள். "மருந்து ஏதாவது அலர்ஜி உண்டா?" என்று சரியாகத்தான் கேட்டார். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, பள்ளி ஆய்வாளருக்குப் பதில் சொல்லும் தோரணையில், "அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது" என்றார். அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கிறது என்று ஒரு மாத்திரை எழுதினார்கள்.

அந்தச் சீட்டைக் கும்பகோணத்தில் வழக்கமான மருந்துக் கடையில் நீட்டினேன். கல்லாவுக்குப் பின்னால் நம் கம்பவுண்டர் அண்ணன். கிளினிக் மூடியதும் அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சீட்டைப் படித்தவர், எடுத்த அட்டையைத் திரும்ப ரேக்கில் வைத்தார்.

"தம்பி, இது கோட்ரைமாக்சசோல். சல்பா மருந்து. சாருக்கு ஆகாதே."

"அலர்ஜி எதுவும் இல்லை என்றாரே, அண்ணே?"

"அவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? நீங்கள் காலேஜில் படித்துக்கொண்டிருந்த நேரம். முகமெல்லாம் வீங்கி, உதடு இவ்வளவு பெரிதாகி, ராத்திரி பத்து மணிக்கு அம்மா ரிக்‌ஷாவில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஊசி போட்டு விடிய விடிய பெஞ்சில் படுக்க வைத்திருந்தோம்."

அம்மாவிடம் கேட்டேன். "ஆமாம், அன்றைக்குக் கத்திரிக்காய் சாப்பிட்டதால் என்றல்லவா நினைத்தோம்" என்றார். இந்தக் குடும்பத்தில் இத்தனை ஆண்டுகள் கத்திரிக்காயை ஒதுக்கி வைத்த காரணம் அன்றுதான் தெரிந்தது. தஞ்சாவூருக்குப் போன் செய்து வேறு மருந்து எழுதி வாங்கினோம். அதை அவர்கள் மறுப்பே சொல்லாமல் செய்தார்கள். அப்பாவின் பெயருக்கு எதிரே சல்பா ஒவ்வாமை என்று ஏற்றியும்விட்டார்கள்.

அன்று மாலை கடை கொஞ்சம் ஓய்ந்ததும் அண்ணனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை எந்த ஆண்டு கண்டுபிடித்தது, எந்த பிரஷர் மாத்திரையில் அம்மாவுக்கு வறட்டு இருமல் வந்தது, பெரியம்மாவுக்கு எந்தத் தோளில் எலும்பு முறிந்தது என்று மனிதர் சொல்லச் சொல்ல எழுதினேன். மிச்சத்தை டாக்டரிடமே கேட்கலாம் என்று பெங்களூர் எண்ணையும் அவரே கொடுத்தார். டாக்டர் நன்றாகவே பேசினார். அண்ணன் சொன்னதில் இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். அப்பா போனை வாங்கி, "தலைசுற்றலுக்கு என்ன போட்டுக்கொள்ளட்டும்?" என்று ஆரம்பித்ததும், "அந்த வேலையை விட்டாயிற்று சார். பார்க்காமல் சொன்னால் தப்பு" என்று சிரித்துவிட்டார். அதன் பிறகு இருவரும் கால் மணி நேரம் பெங்களூர் குளிரைப் பற்றிப் பேசினார்கள். அப்பாவின் மனக்குறை அத்தோடு தீர்ந்தது.

நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத ஒரு சேவை வீட்டு வாசலுக்கே வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் ஒரு பெண். ஏற்கெனவே அடுத்த தெருவில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு மாதாமாதம் வருகிறவர். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, அட்டையில் எழுதி, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியம்மாவுக்கு இதே திட்டத்தில் பிசியோதெரபி செய்ய ஒருவர் வருகிறார். கும்பகோணத்தில் எந்தத் தனியார் டாக்டரும் வீட்டுக்கு வர ஒப்புக்கொள்ளவில்லை என்பதைச் சொன்னால்தான் இதன் அருமை தெரியும். அப்பா மட்டும் "கவர்ன்மென்ட் மாத்திரை" என்று உதட்டைப் பிதுக்கினார். மாத்திரை அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைக் காட்டினேன். பிரஷருக்கு அவர் காசு கொடுத்து வாங்குகிற அதே அம்லோடிபின், அதே 5 மில்லிகிராம்.

கடைசியில் அமைந்த டாக்டரும் அண்ணன் கைகாட்டியவர்தான். பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து ஊருக்கே திரும்பிவந்த இளம் பெண். பீஸ் 300 ரூபாய், போனில் முன்பதிவு, சீட்டு அச்சில் வருகிறது. நான் தயாரித்துக்கொண்டு போன ஒரு பக்கக் குறிப்பை இரண்டு முறை படித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "விடியற்காலையில் வியர்த்துக் கை நடுங்குமா?" என்று கேட்டார். நடுங்கும்தான். வயதான பலவீனம் என்று சொல்லிக்கொண்டு, எழுந்ததும் சர்க்கரை தூக்கலாக ஒரு காபி குடித்துச் சரிசெய்துகொள்வது அம்மாவின் வழக்கம். அம்மா சாப்பிட்டுவந்த கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையை டாக்டர் அன்றே நிறுத்தினார். பழைய மருந்து, மலிவு, சர்க்கரையை நன்றாகவே இறக்கும். ஆனால் வயதானவர்களுக்கு, அதுவும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, உடம்பில் நெடுநேரம் தங்கிச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும் என்று விளக்கினார். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைச் சுட்டிக்காட்டி, சிறுநீரகத்தைப் பார்த்து அளவு மாற்றத் தேவையில்லாத லினாகிளிப்டின் எழுதினார். 2023இல் காப்புரிமை முடிந்த பிறகு அதன் விலை நன்றாக இறங்கிவிட்டது என்றார் அண்ணன்.

எங்கள் பழைய டாக்டர் அந்தக் கிளிபென்கிளமைடை ஆண்டுக்கணக்கில் "அதே மருந்து" என்று எழுதி வந்தவர். நார்த்தங்காயைக் கண்டுபிடித்த அதே கண்ணுக்கு இந்த நடுக்கம் படவில்லை. தினமும் பார்க்கும் முகத்தில் சில மாற்றங்கள் தெரியாமல் போகும் போலிருக்கிறது. வீட்டில் இதை நான் வாய்திறந்து சொல்லவில்லை. சொன்னால் அப்பா என்னை அடுத்த ரயிலிலேயே ஏற்றி அனுப்பிவிடுவார்.

குறிப்புத் தாளை நான்கு பிரதி எடுத்து லேமினேட் செய்தேன். நோய்கள், மருந்துகளும் அளவுகளும், ஒத்துக்கொள்ளாதவை, கடைசி ரத்தப் பரிசோதனை, யாருக்குப் போன் செய்வது என எல்லாம் ஒரே பக்கம். ஒன்று மருந்துக் கடையில், ஒன்று புது டாக்டரிடம், ஒன்று குளிர்சாதனப் பெட்டிக் கதவில், ஒன்று என்னிடம். மூன்று மாதம் கழித்து அம்மாவுக்கு எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, பார்க்க வேண்டும். அத்தை மகன் அழைத்துப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான்.

அம்மாவுக்குப் புது டாக்டரைப் பிடித்துவிட்டது. அப்பா இன்னும் முழுதாக இறங்கிவரவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வேண்டுமானால் அந்தப் பெண்ணிடம் போகிறாராம். சளி, காய்ச்சல், வயிறு ஆகியவற்றுக்குக் கம்பவுண்டரே போதுமாம், அவருக்குத்தான் எல்லாம் தெரியுமாம். அண்ணனோ, "என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறார் சார்" என்று என்னிடம் முறையிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் இந்த வழக்குதான் நடந்துகொண்டிருக்கிறது.